அகமதாபாத் உளியும் நியூயார்க் வீடும்: இந்திய–அமெரிக்கப் பழைய செதுக்குமர அறைகலன்களை அடையாளம் கண்டு பேணும் முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில், குஜராத்தின் தச்சர்கள் செதுக்கிய தேக்குப் பலகைகள் கப்பலேறி அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போய், அங்கே நாற்காலிகளாகவும் மேசைகளாகவும் அலமாரிகளாகவும் கணப்புச் சட்டங்களாகவும் மாறின. அவற்றின் வடிவமும் அளவும் புழக்கமும் அமெரிக்க வீட்டுக்கு உரியவை. மேற்பரப்பை நிறைக்கும் கொடிக்கருக்கும் வலைவேலையும் அகமதாபாத்தின் மசூதிகளிலிருந்தும் வீட்டு முகப்புகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. இத்தகைய பொருள் ஒன்று ஏலத்திலோ, பழம்பொருள் கடையிலோ, குடும்பச் சொத்தாகவோ கைக்கு வரும்போது அதை எப்படிப் படிப்பது, எப்படித் துடைப்பது, எதைச் செய்யாமல் விடுவது என்பதை இங்கே எழுதுகிறேன். இரண்டு நாடுகளின் கைகள் பட்ட பொருள் இது. ஆகவே செதுக்கலை ஒரு சான்றாகவும் கட்டுமானத்தை வேறொரு சான்றாகவும் தனித்தனியே படிக்க வேண்டும்; இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறான முடிவுகள் வருகின்றன.

முதலில் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஆண்டுகளே நமக்கு அளவுகோல். நியூயார்க்கைச் சேர்ந்த ஓவியரும் அலங்கார வடிவமைப்பாளருமான லாக்வுட் டி ஃபாரஸ்ட் 1850இல் பிறந்தவர். 1879இல், வண்ணக் கண்ணாடி வேலைக்குப் பெயர்பெற்ற லூயி கம்ஃபர்ட் டிஃபனியுடன் அலங்காரத் தொழிலில் கூட்டுச் சேர்ந்த அவர், திருமணம் முடிந்த கையோடு மனைவியுடன் இந்தியாவுக்குப் பயணப்பட்டார். அகமதாபாத்தில் ஹத்தீசிங் என்ற சமண வணிகக் குடும்பத்தின் மகன்பாயைச் சந்தித்து, அவருடன் சேர்ந்து 1881இல் ஒரு மரச்செதுக்குப் பட்டறையைத் தொடங்கினார். செதுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டவர் மகன்பாய்; நியூயார்க்கில் விற்பனையையும் வீட்டு அலங்காரத்தையும் பார்த்துக்கொண்டவர் டி ஃபாரஸ்ட். 1908 அளவில் அமெரிக்கத் தொழிலை டிஃபனியின் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். ஆகவே இந்தப் பட்டறையின் முதன்மையான காலம் ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள். இந்த வட்டத்துக்கு வெளியேயும் கலப்பு அறைகலன்கள் உண்டு. ஆனால் விற்பவர்கள் அதிகம் உச்சரிக்கும் பெயர் இதுவே என்பதால், இதை நன்றாக அறிந்துகொண்டு மற்றவற்றை ஒப்பிடுவது எளிது.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்க வேண்டும். நியூயார்க்கில் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் மாளிகையாக இருந்து இப்போது கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடத்தில், டி ஃபாரஸ்ட் அமைத்த தேக்கு அறை இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. கிழக்கு 10ஆம் தெரு 7ஆம் எண் வீடு 1887இல் அவர் தமக்காகக் கட்டிக்கொண்டது; அதன் முகப்பில் துருத்தி நிற்கும் செதுக்குத் தேக்குச் சாளரம் நூற்றுக்கு மேற்பட்ட குளிர்காலங்களைத் தாங்கி நிற்கிறது. பென்சில்வேனியாவின் பிரின் மார் கல்லூரியில் அவர் அலங்கரித்த டீனரி என்ற இல்லம் 1968இல் இடிக்கப்பட்டது. வீடுகள் இடிந்தபோதும் கைமாறியபோதும் சுவரோடு பொருத்தியிருந்த பலகைகள் கழற்றப்பட்டு வெளியே வந்தன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இன்று தனி அலமாரியாகத் தெரிவது, ஒரு காலத்தில் சுவர்ப் பலகையாக இருந்திருக்கலாம். மூல வடிவங்களைப் பார்க்க அகமதாபாத்துக்கே போக வேண்டும். 1572–73இல் எழுந்த சீதி சையத் மசூதியின் கல் சாளரத்தில் கிளைகளைப் பின்னிக்கொண்டு நிற்கும் மரமும் பனையும், ‘போல்’ எனப்படும் பழைய குடியிருப்புத் தெருக்களின் போதிகைகளும் தூண்களும் இந்த அறைகலன்களின் தாய்வடிவங்கள். அவற்றின் படங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது வீண் வேலையல்ல.

திருப்பிப் போட்டுப் பார்ப்பது

பொருளின் முகத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் அதன் முதுகைப் பார்க்க வேண்டும். இழுப்பறைகளை வெளியே எடுங்கள். நாற்காலியைக் கம்பளத்தின்மேல் கவிழ்த்து வையுங்கள். அலமாரியின் பின்பலகையைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். கைவிளக்கை நேராகப் பிடிக்காமல் பரப்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகல் வெளிச்சத்தில் தெரியாத இழைப்புளித் தடமும் ரம்பத்தின் கீறலும் மேடு பள்ளமாக எழுந்து வரும். வட்ட ரம்பம் வளைந்த கோடுகளை விட்டுச் செல்லும். பட்டை ரம்பமோ நேரான, சீரான இடைவெளியுள்ள கோடுகளை விடும். கைரம்பத்தின் கோடுகள் நேராக இருந்தாலும் இடைவெளி ஒரே சீராக இராது. ஒரே பொருளில் இவற்றில் இரண்டு வகை இருந்தால் அது போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செதுக்கிய பலகையின் பின்புறம் கையால் இழைக்கப்பட்டதாகவும், அதைத் தாங்கும் சட்டம் இயந்திரத்தில் அறுபட்டதாகவும் இருப்பது இந்தக் கலப்பு அறைகலன்களில் இயல்பே. பட்டைகளும் பலகைகளும் உதிரியாகக் கப்பலில் வந்து அமெரிக்கப் பட்டறையில் சேர்க்கப்படும்போது அப்படித்தான் அமையும்.

திருகாணிகளும் ஆணிகளும் காலம் சொல்லும். நுனி கூராக உள்ள, தலையில் ஒற்றைக் கீற்று வெட்டிய திருகாணி 1840களின் இறுதிக்குப் பிறகு பரவியது. ஆகவே 1880களின் பொருளில் அதையே எதிர்பார்க்க வேண்டும். தலையில் கூட்டல் குறி போன்ற வெட்டு இருந்தால் அது 1930களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. உருண்டைக் கம்பி ஆணி அமெரிக்காவில் 1890களில்தான் பழைய தட்டை ஆணியை விஞ்சியது. ஆனால் ஒரு புதிய திருகாணியைக் கண்டதும் பொருளையே ஒதுக்க வேண்டாம். ஆடும் காலை இறுக்க யாரோ போட்டதாக இருக்கலாம். பார்க்க வேண்டியது திருகாணியைச் சுற்றியுள்ள மரம். பழைய இரும்பு நீண்ட காலம் மரத்தில் இருந்திருந்தால் துளையைச் சுற்றிக் கருநீலக் கறை படிந்திருக்கும். கறை இல்லாத துளையில் துருப்பிடித்த பழைய திருகாணி இருந்தால், அதை வேறெங்கிருந்தோ கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தியான நாட்டின் பெயரைக் கேட்டது. ‘இந்தியா’ என்ற முத்திரை எங்கேனும் இருந்தால் அந்த ஆண்டுக்குப் பின் இறங்கியதாகக் கொள்ளலாம். முத்திரை இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வழியில் ஒட்டிய தாள்களும் பெட்டிகளில் சாயத்தால் இட்ட முத்திரைகளும் உதிர்ந்துவிடுவது சாதாரணம்.

ஒரு முறை, கணப்புச் சட்டத்திலிருந்து பிரித்த தேக்குப் பலகை ஒன்றை என் மேசைமேல் கவிழ்த்தேன். முன்புறம் கைப்பெருவிரல் அளவுள்ள மலர்கள் வரிசையாக நின்றன. பின்புறத்தில் பென்சிலில் எழுதிய எண் ஒன்றும், உளியின் கூர்மையைச் சோதிக்கத் தச்சர் போட்ட மூன்று சிறு பிறைவெட்டுகளும் இருந்தன. முன்புறத்தை எவரோ பளபளப்பான வார்னிஷால் மூழ்கடித்திருந்தார்கள். பின்புறத்தை யாரும் தொடவில்லை. மரத்தின் உண்மையான நிறத்தை நான் அங்கேதான் கண்டேன். பின்புறத்தை இழைத்து மெருகேற்றித் தருவதாகச் சொல்பவரிடம் பொருளை ஒருபோதும் விடாதீர்கள்.

மரம்

பெரும்பாலும் இரண்டு மரங்களே எதிர்ப்படும். அகமதாபாத் பட்டறையின் பெரும்பகுதி வேலை தேக்கு. பம்பாயில் அதற்கு முன்பே, நூற்றாண்டின் நடுவில் செழித்த செதுக்கு அறைகலன்கள் ஈட்டி, அதாவது தோதகத்தி மரத்தால் ஆனவை. ஈட்டி, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து, கறுத்த ரேகை ஓடி, தேக்கைவிடத் தெளிவாகக் கனமாக இருக்கும். ஒரு கன மீட்டர் உலர்ந்த தேக்கு ஏறத்தாழ 650 கிலோ என்றால் ஈட்டி 800 கிலோவைத் தாண்டும். மெருகு படாத அடிப்பகுதியை முகர்ந்து பார்த்தால் ஈட்டியில் இனிய மணமும் தேக்கில் பழந்தோலை நினைவூட்டும் எண்ணெய் மணமும் இருக்கும். சாயமேற்றிய வேறு மரத்தை ஈட்டி என்று விற்பது வழக்கம் என்பதால், தேய்ந்த மூலைகளைப் பாருங்கள். சாயம் மேலோடு நின்றிருந்தால் தேய்ந்த இடத்தில் வெளிறிய மரம் எட்டிப் பார்க்கும்.

பம்பாய் நாற்காலிகளையும் அதே காலத்து நியூயார்க் நாற்காலிகளையும் ஒப்பிடுவது மிகுந்த பலன் தரும். ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் தொழில் செய்து 1863இல் இறந்த ஜான் ஹென்றி பெல்டரின், ஈட்டியின் இனத்து ரோஸ்வுட் மர நாற்காலிகளிலும் திராட்சைக் கொடியும் மலர்க்கொத்தும் துளைத்த வேலையாகத் தொங்கும். பம்பாய் வேலையிலும் அப்படியே. தொலைவிலிருந்து பார்த்தால் உடன்பிறப்புகள் போலத் தோன்றும். ஆனால் பெல்டர், மெல்லிய தகடுகளை ரேகை குறுக்காக மாறி மாறி ஒட்டி, வெப்பத்தில் வளைத்து, அதன்பின் செதுக்கினார். முதுகுப் பலகையின் மேல் விளிம்பில் அந்த அடுக்குகள் புத்தகத்தின் பக்கங்கள்போலத் தெரியும். பம்பாய்த் தச்சர் முழுக்கட்டையிலிருந்து குடைந்தார். விளிம்பில் ஒரே ரேகை ஓடும். இந்த ஒரு சோதனை பல மணி நேர வாதத்தை முடித்துவைக்கும்.

செதுக்கலைப் படிப்பது

கையால் செதுக்கிய ஒரே மலர் பத்து முறை வந்தால் பத்தும் ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்கும். இதழ் ஒன்று அகன்றிருக்கும். மூலையில் இடம் போதாமல் கொடி நெருங்கி வளையும். தச்சர் மூலையை எப்படித் திருப்பினார் என்பதில்தான் அவருடைய திறமை முழுதும் தெரியும். கணினி வழி இயங்கும் வெட்டுக்கருவியால் செய்தவற்றில் பத்து மலர்களும் அச்சாக ஒன்றாயிருக்கும். உள்மூலைகள் கூராக வெட்டுப்படாமல், சுழலும் முனையின் உருண்டை அளவுக்கு மழுங்கி நிற்கும். பள்ளத்தின் தரையில் சீரான அலைவரிகள் இருக்கும். உண்மையான பழைய வேலையில் பள்ளத்தின் தரை உளியால் சிறு தட்டைகளாகச் சீவப்பட்டிருக்கும். இலையின் அடியில் விரல்நுனியை விட்டுத் தடவிப் பாருங்கள். அடிவெட்டு இருந்தால் இலை பலகையிலிருந்து எழுந்து நிற்கும் உணர்வு கிடைக்கும்.

தேய்மானமும் அறிவுக்குப் பொருந்தி வர வேண்டும். கை படும் இடமாகிய நாற்காலியின் கைப்பிடி நுனி, இழுப்பறையின் விளிம்பு, காலணி இடிக்கும் முன்சட்டம் ஆகியவை மழுங்கியிருக்க வேண்டும். கை எட்டாத பள்ளங்கள் கூர்மையோடு இருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் உப்புத்தாளோ கம்பித் தூரிகையோ வேலை செய்திருக்கிறது.

டி ஃபாரஸ்ட் துளையிட்ட பித்தளைத் தகடுகளையும் அகமதாபாத்திலிருந்து தருவித்துத் தேக்கோடு சேர்த்துப் பயன்படுத்தினார். தாளை வெட்டியது போன்ற நுணுக்கமான மலர்வலை அது. மரத்தில் பதித்த பித்தளை இருந்தால், தகட்டின் துளை விளிம்புகளைப் பெருக்காடியில் பாருங்கள். கையால் உளிகொண்டு வெட்டிய விளிம்பில் சிறு பிசிறும் கோணலும் இருக்கும், அச்சில் அடித்ததில் இரா.

இன்னொரு வகைக் கலப்பு கடைகளில் ஏராளமாக இருக்கிறது. அதைப் பற்றி நேராகவே சொல்ல வேண்டும். பழைய இந்தியக் கதவையும் சாளரத்தையும் அறுத்து, மேற்கத்திய வீட்டுக்கு ஏற்ற தாழ்வான மேசையாகவும் புத்தக அலமாரியாகவும் கடந்த சில பத்தாண்டுகளில் செய்தவை அவை. மரம் உண்மையிலேயே பழையது, பொருள் புதியது. நம் பழைய கதவுகள் கீல் இல்லாமல், குடுமி என்ற முளையில் சுழன்றவை. அலமாரிக் கதவின் ஓர் ஓரத்தில் மேலும் கீழும் அறுபட்ட குடுமியின் தழும்பு தெரிந்தால், நடுவில் எங்கோ தாழ்ப்பாள் துளையை அடைத்த கட்டை தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும். அதை அந்த விலைக்கு வாங்குவதில் தவறில்லை. 1880களின் பொருள் என்று வாங்குவதுதான் தவறு.

சட்டம்

நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருளை இந்தியாவிலிருந்து தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. நூறு ஆண்டு ஆகாதது என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்று பெற்றுக்கொண்டு அனுப்ப வேண்டும். ஈட்டி மரம் உள்ளிட்ட தோதகத்திப் பேரினம், இன்னும் கடுமையான முதல் பட்டியலில் உள்ள பிரேசில் ரோஸ்வுட் நீங்கலாக, 2017 ஜனவரி முதல், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஒரு சரக்கில் அம்மரத்தின் எடை 10 கிலோவைத் தாண்டினால் எல்லை கடக்கும்போது ஆவணம் கேட்பார்கள்; பழம்பொருளுக்கு, உடன்படிக்கைக்கு முற்பட்டது என்ற சான்று உண்டு. தேக்கு அந்தப் பட்டியலில் இல்லை. தந்தப் பதிப்பு இருந்தால், எல்லை தாண்டும் எண்ணத்தையே கைவிட்டுவிடுவது நல்லது. இந்தியாவுக்குள் அதை விற்பதும் குற்றமே.

துடைப்பது

பொருள் வீட்டுக்கு வந்த முதல் வாரம் அதைத் துடைக்காதீர்கள். சும்மா வையுங்கள், பாருங்கள். மரம் புது அறையின் ஈரப்பதத்துக்குப் பழக வேண்டும். உங்களுக்கும் எந்த இடத்தில் செதில் எழும்பியிருக்கிறது, எந்த இலை ஆடுகிறது என்று தெரிய வேண்டும். ஆடும் துண்டின் அருகே பென்சிலால் எழுதாமல், புகைப்படத்தில் குறித்து வையுங்கள்.

தூசியை எடுக்கத் துணி உதவாது. துணியின் இழை துளைத்த வேலையில் மாட்டி ஓர் இதழையே பிடுங்கிவிடும். ஓவியர்கள் பயன்படுத்தும் மென்மையான ஆட்டு மயிர்த் தூரிகையால் தூசியைத் தட்டி, மற்றொரு கையில் தூசுறிஞ்சியின் குழாயைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். குழாயின் வாயில் நைலான் வலைத்துணியைக் கட்டிவிட்டால், தப்பித்தவறி ஒரு துண்டு உதிர்ந்தாலும் அது உள்ளே போகாமல் வலையில் நிற்கும். மேலிருந்து கீழாகவே வேலை செய்ய வேண்டும். ஒரு நாற்காலிக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆகலாம்.

அழுக்கு ஒட்டியிருந்தால், முதலில் மேற்பூச்சு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக் குச்சியை ஒரு நொடி வையுங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது அரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தச்சர்கள் விரும்பிய பளபளப்பான மெருகுக்கு மூலப்பொருளே இந்தியக் காடுகளின் அரக்குதான் என்பதை எண்ணும்போது, இந்தப் பொருள்களின் மேற்பூச்சும் கடல் கடந்தது என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அரக்குப் பூச்சின்மேல் ஸ்பிரிட் கலந்த எந்தத் திரவமும் படக்கூடாது. வடிநீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியை உருட்டியபடி, ஒரு சதுர அங்குலம் அளவில் சோதித்து, உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். குச்சியில் பழுப்பு வந்தால் அழுக்கு. சிவப்போ மஞ்சளோ வந்தால் சாயமோ பூச்சோ இளகுகிறது, நிறுத்திவிடுங்கள்.

எண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், ஆளிவிதை எண்ணெய், கடையில் விற்கும் எலுமிச்சை மணத் தெளிப்பான் எதுவும் வேண்டாம். முதல் வாரம் மரம் உயிர்பெற்றது போலத் தெரியும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகிக் கறுத்துப் பிசுபிசுத்து, தூசியைப் பள்ளங்களில் சிறைபிடித்துக்கொள்ளும். பிறகு அதை எடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். மெழுகு போதும். தேன்மெழுகும் கார்னோபா மெழுகும் கலந்த குழைவை மிகக் குறைவாகத் தட்டையான பரப்புகளில் மட்டும் தேய்த்து, செதுக்கலின் மேடுகளை உலர்ந்த தூரிகையால் துலக்குங்கள். பள்ளத்தில் மெழுகு தங்கினால் வெள்ளையாகப் பூக்கும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் தேவையே இல்லை. பித்தளைத் தகட்டை உலோக மெருகுக் குழைவால் துலக்காதீர்கள். அதன் வெண்துகள் தகட்டுக்கும் தேக்குக்கும் இடையில் புகுந்தால் எந்தக் குச்சியாலும் எடுக்க முடியாது.

வைக்கும் இடமும் பழுதும்

மரம் ஈரத்தில் விரிந்து வறட்சியில் சுருங்கும்; அதுவும் ரேகையின் குறுக்கேதான் பெரும்பாலும். ஈரக்காற்றில் இருந்த பலகை, குளிர்காலத்தில் வெப்பமூட்டிய நியூயார்க் அறைக்குள் போனதும் சுருங்கி வெடித்தது. இன்று குளிரூட்டி இரவில் ஓடிப் பகலில் நிற்கும் அறையில் அதே வெடிப்பு மெதுவாக நிகழ்கிறது. ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அந்த எண்ணைவிட, அது ஒரே நிலையில் இருப்பது முக்கியம். மழைக்காலத்திலும் கோடையிலும் அளந்து பாருங்கள்; ஈரப்பதமானி விலை உயர்ந்த கருவியல்ல. சாளரத்தின் நேர் வெயிலும் குளிரூட்டியின் நேர்க்காற்றும் படாத உட்சுவர் ஓரமே ஏற்ற இடம். வெளிச்சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள்.

தேக்கின் வைரத்தை, அதாவது உள்மரத்தைப் பூச்சிகள் எளிதில் தொடுவதில்லை; வெளிறை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிமரத்தை அரிக்கும். பின்பலகையும் இழுப்பறை அடியும் பைன் அல்லது பாப்லர் போன்ற மென்மரமாக இருந்தால் அவற்றையும் அரிக்கும். துளை இருப்பது மட்டும் ஆபத்தின் அறிகுறியல்ல. துளையின் கீழே வெளிர்நிறத் தூள் புதிதாக விழுகிறதா என்று, கறுப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் பாருங்கள். விழுந்தால் அந்தப் பொருளை மற்ற மரங்களிடமிருந்து பிரித்துவிட்டு, பிராணவாயுவை நீக்கிப் பூச்சியைக் கொல்லும் முறை தெரிந்த பாதுகாப்பு வல்லுநரை அழையுங்கள். துளைக்குள் மருந்தை ஊசியால் ஏற்றுவது அரக்குப் பூச்சைக் கறைப்படுத்தும்.

உதிர்ந்த துண்டை எந்தப் பசையாலும் ஒட்டாதீர்கள் என்றே முதலில் சொல்வேன். பழைய இணைப்புகள் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தால் ஒட்டப்பட்டவை. வெந்நீரும் பொறுமையும் இருந்தால் அதை மீண்டும் பிரிக்கலாம், அதனால்தான் வல்லுநர்கள் இன்றும் அதையே விரும்புகிறார்கள். எப்பாக்சிப் பசையைத் தடவினால் அடுத்த முறை விரிசல் பசையில் வராது, பக்கத்து மரத்தில் வரும். காணாமல் போன இதழுக்குப் புதிய மரத்தைச் செதுக்கிப் பொருத்தக் கேட்கும்போது, புதிய துண்டின் பின்புறத்தில் அந்த ஆண்டைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

நகர்த்தும்போது நாற்காலியை முதுகின் உச்சிச் செதுக்கலைப் பிடித்துத் தூக்காமல் இருக்கைச் சட்டத்தை இரு பக்கமும் பிடித்துத் தூக்க வேண்டும். மேசையை இழுக்கக் கூடாது. எடுத்த ஒவ்வொரு துண்டையும், எங்கிருந்து விழுந்தது, எந்த நாளில் விழுந்தது என்று எழுதிய காகித உறையில் இட்டு, அந்த உறையை அதே பொருளின் இழுப்பறைக்குள் வையுங்கள். வேறு அலமாரியில் வைத்தால் பொருள் கைமாறும் நாளில் உறை பின்தங்கிவிடும்.